மேசைமேல் கத்தி, நடுவில் பேரம்

‘வட சென்னை’ (2018) தொடங்கும்போதே கொலை நடந்து முடிந்துவிட்டது. 1987. ஒரு சாப்பாட்டுக் கடை. ரத்தம் படிந்த கத்திகளை மேசைமேல் போட்டுவிட்டு நால்வர் பேசுகிறார்கள். யார் சரண்டர் ஆவது, இனி ஏரியாவில் தங்கள் கை எப்படி ஓங்கும் என்பதுதான் பேச்சு. செத்தவன் யார் என்று வெற்றிமாறன் உடனே சொல்வதில்லை. அவர்களை வளர்த்த ராஜன்தான் அது என்பது வெகுநேரம் கழித்தே விளங்குகிறது. தமிழ் ரவுடிப் படங்களில் இதைவிட நேர்மையான வன்முறைக் காட்சியை நான் பார்த்ததில்லை. ஒரு கொலையால் யாருக்கு லாபம், யாருக்குச் சிறை என்று கேட்கிற படமே இந்த வகையில் நிற்கும் என்பது என் எண்ணம்.

மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) அப்படிக் கேட்கவில்லை. பம்பாயில் செல்வாக்கோடு இருந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவிய அந்தப் படத்தில் கமல்ஹாசனின் நடிப்பு, பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு, தோட்டா தரணியின் கலை மூன்றும் தேசிய விருது பெற்றன. மூன்றும் தகும். ஆனால் வேலு நாயக்கரின் கடத்தல் தொழில் பின்னால் போய், தாராவிக்கு நியாயம் சொல்லும் தகப்பன் முன்னால் வந்துவிடுகிறார். அவர் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்பதற்குள் பார்வையாளர் அவர் பக்கம் சாய்ந்தாயிற்று. ‘தளபதி’, ‘பாட்ஷா’ என்று அந்தத் தகப்பன் நெடுநாள் ஆண்டார்.

அவரை இறக்கியது ‘புதுப்பேட்டை’ (2006). ‘நாயக’னுக்கு வசனம் எழுதிய பாலகுமாரனே செல்வராகவனின் இந்தப் படத்துக்கும் எழுதினார். இதன் நாயகன் கொக்கி குமார் பசிக்குத் தொழிலுக்கு வருகிறான். கட்சிக்காக வெட்டும்வரை வேண்டியவன்; பதவி கேட்டதும் கசந்துபோகிறான்.

சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ (2008) இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கிறது. 1980-இன் மதுரை. வேலைவெட்டி இல்லாத பையன்கள், ஒருவரின் கட்சிப் பதவிக்காகக் கொலை செய்துவிட்டு உள்ளே போகிறார்கள். ஜாமீன் எடுக்க அவர் வரவில்லை. சிறையில் பழக்கமான வேறொருவர் எடுக்கிறார்; கைம்மாறாக இன்னொரு கொலை கேட்கிறார். ஜாமீனே அடுத்த கொலைக்கு முன்பணமாகிறது. கூலிப்படை எப்படி உருவாகிறது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெந்தத் தமிழ்ப் படமும் சொன்னதில்லை.

தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்ட’த்தை (2011) அதன் அழகுக்காகவே தனியே எழுத வேண்டும். ஒரே நாளில் நடக்கும் கதையில், எல்லோரும் அடித்துக்கொண்டிருக்க, பொருட்படுத்தாமல் விடப்பட்ட சுப்பு மட்டும் தப்பிக்கிறாள்.

‘வட சென்னை’யில் ராஜன் சாவது பழைய பகையால் அல்ல. சாலைத் திட்டம் மீனவர் குடியிருப்பைத் தின்ன வருகிறது, அவன் மறிக்கிறான். நிலம் வேண்டியவர்களுக்கு அவன் ஆட்களே கிடைக்கிறார்கள். இதை விட்டுவிட்டு வெட்டை மட்டும் நகலெடுத்த படங்கள் ஏராளம். அண்மையில் துப்பாக்கிகளும் பெருத்துவிட்டன. வெட்டச் சொன்னவர் திரையிலிருந்து மறைந்துவிட்டார். அவரது கணக்கை ‘வட சென்னை’யில் ராஜனின் மனைவி சந்திரா அறிந்திருக்கிறாள். ராஜனைக் கொன்றவர்களில் ஒருவனான செந்திலையே மணந்துகொண்டு, அவர்களை ஒருவர்மேல் ஒருவராக ஏவும் நாளுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கிறாள்.