கூதிர்ப் பாசறையும் வேந்தன் வருகையும்

களத்தில் நிற்கும் படைஞரை நாடாள்வோர் நேரிற் சென்று காணுதல் இக்காலத்துப் பெருவழக்காகிவிட்டது. சென்றவர் கைகுலுக்குகின்றார், உடனமர்ந்து உண்கின்றார், காயமுற்றோர் கட்டிலருகே சிறிது நேரம் நிற்கின்றார். மறுநாட் காலையிற் படம் வெளிவருகின்றது. உடனே இரு சாரார் தோன்றுவர். ஒரு சாரார், “தலைவன் என்பான் இவனன்றோ” என வியப்பர். மற்றொரு சாரார், “இஃதெல்லாம் விளம்பரம்” என இகழ்வர். வியத்தலும் எளிது, இகழ்தலும் எளிது. ஆயின் எதனைக் கொண்டு இவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்வது? அளவுகோல் ஒன்று வேண்டுமன்றோ? அவ்வளவுகோலைத் தேடி நாம் நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை ஒருமுறை ஊன்றிப் படித்தல் போதும்.

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடிய இப்பாட்டு 188 அடிகளால் இயன்றது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனே இதன் தலைவன் என்பது மரபு. பாட்டின் பொருளைச் சுருங்கக் கூறின் இவ்வளவே: கூதிர்க்காலம், வாடை வீசுகின்றது, அரசன் பாசறையில் இருக்கின்றான், அரசி அரண்மனையில் வருந்துகின்றாள், இவள் துயர் தீர அப்போர்த்தொழில் விரைவில் முடிவதாக எனக் கொற்றவையை வேண்டுகின்றனர். இறுதிப் பகுதியில், நள்ளிரவிலும் துயில் கொள்ளாத வேந்தன் புண்பட்ட வீரரைக் காணப் பாசறையினுள் நடந்து வருகின்றான். நாம் எடுத்துக்கொண்ட வினாவிற்கு உரிய காட்சி இதுவே.

அக்காட்சியை நக்கீரனார் எவ்வாறு அமைத்தார் என நோக்குக. விளக்குச் சுடர்கள் வாடையால் அலைப்புண்டு தெற்கு நோக்கிச் சாய்கின்றன. வேப்பந்தழை கட்டிய வேலை ஏந்திய ஒருவன் முன்னே சென்று, புண்பட்டோரை முறைமுறையாகக் காட்டுகின்றான். சேற்றுத் தெருவில் நிற்கும் குதிரைகள் தம்மேல் விழுந்த நீர்த்துளிகளை உதறுகின்றன. வேந்தனது மேலாடை தோளினின்று நழுவுகின்றது. அதனை இடக்கையால் அணைத்துக்கொள்கின்றான். வலக்கை, வாளைத் தோளிலே தொங்கவிட்ட இளைஞன் ஒருவனது தோளின்மேற் கிடக்கின்றது. வெண்கொற்றக்குடை தூறலை மறைக்கின்றது. ஆயினும் வாடையைக் குடை தடுக்குமோ? உடன் வருவோர் சிலரே. முரசு முழங்கியதாகப் புலவர் கூறவில்லை. வேந்தன் ஒரு சொல்லும் பேசியதாகவும் கூறவில்லை. பரிவு பொருந்திய முகத்தோடு அவன் காண்கின்றான், அவ்வளவே.

நழுவும் ஆடையைப் பற்றிக்கொண்டு, மற்றொருவன் தோளைத் தாங்கலாகக் கொண்டு, சேற்றில் நடக்கும் அரசன் ஒருவனை வேறு எங்கே காண்கின்றோம்? சிங்காதனத்து அரசனுக்கு இக்கோலம் பொருந்தாது. வீரம் ஒன்றையே காட்ட விரும்பிய புலவனாயின் நழுவும் துகிலை விடுத்து ஓங்கிய வாளைப் பாடியிருப்பான். நக்கீரனார் அரசனைக் குளிரில் நடுங்கும் மனிதருள் ஒருவனாக நிறுத்துகின்றார். அவன் வெளியே வந்ததற்கு அவர் கூறும் காரணமும் ஒன்றே: வீரர் பெற்ற வாட்புண்ணைக் காண்டல். காண வருதல் வேறு. காணப்பட வருதல் வேறு. இவ்வேறுபாடே நாம் தேடிய அளவுகோலின் முதற்கூறு என்க.

ஈண்டு ஒரு தடை எழும். “நள்ளிரவில் நடந்ததை நாம் எவ்வாறு அறிந்தோம்? புலவர் பாடியதனாலன்றோ? அக்காலப் புலவரே இக்காலப் படக்கருவி. ஆகலின் இதுவும் விளம்பரமே” என ஒருவர் கூறலாம். இத்தடை வலிமையுடையது, புறக்கணிக்கத் தக்கதன்று. நெடுஞ்செழியன் புகழை விரும்பாதவனும் அல்லன். புறநானூற்றின் 72ஆம் பாட்டு அவனே பாடியது. பகைவரை வெல்லேனாயின் மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாதொழிக என்பது அதில் அவன் கூறும் வஞ்சினங்களுள் ஒன்று. புலவர் வாய்ச்சொல்லின் பெறுமதியை அவன் நன்கறிந்திருந்தான். அன்றியும், பாசறையில் அரசன் துயிலாதிருத்தல் புலவர் மரபுமாகும். முல்லைப்பாட்டிலும், பெயர் கூறப்படாத அரசன் ஒருவன், புண்பட்ட யானைகளையும் மாண்ட மறவரையும் நினைந்து துயிலின்றி இருக்கின்றான். எனவே நெடுநல்வாடை கூறுவதை நாட்குறிப்பு எனக் கொள்ளுதல் பொருந்தாது.

ஆயினும் சான்று கூறுவோன் ஒருவன் அருகில் நின்றான் என்பதனாலேயே ஒரு செயல் விளம்பரமாகிவிடாது. அவன் எதனை நடுவில் வைத்தான் என்பதே வினா. இவ்விடத்திலே, பழைய உரையாசிரியர் வழக்கு ஒன்று நமக்குத் துணை செய்கின்றது. நெடுநல்வாடை அகமா, புறமா என்பது அவ்வழக்கு. அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. நக்கீரனார் பாட்டு முழுவதிலும் அரசன் பெயரைக் கூறவில்லை. ஆயினும் வேலில் வேப்பந்தழை கட்டியிருந்தது என்றார். வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அஃது ஒருவகையாற் பெயர் கூறியதாகும். ஆகலின் இது புறமே என்றார் நச்சினார்க்கினியர். அவர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றியவர் நம் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை, பத்துப்பாட்டை அவர் உரையோடு 1889இல் வெளியிட்டவர் உ. வே. சாமிநாதையர். அன்று தொட்டுப் புலவர் பலர் ஒரு வேப்பந்தழையை வைத்து வாதிட்டு வந்துள்ளனர்.

அவ்வாதத்தின் முடிவு யாதாயினும் ஆகுக. நம் வினாவிற்கு வேண்டிய செய்தி அதனுள் அடங்கியுள்ளது. விளம்பரத்திற்கு முதலில் வேண்டுவது பெயர். இங்கே பெயர் இல்லை. இருக்கும் ஒரு குறிப்பும் அரசன் மார்பிலோ முடியிலோ இல்லை. அவனுக்கு வழிகாட்டிச் செல்வோன் வேலில் இருக்கின்றது. அடிக்குறிப்பும் உரையும் இல்லையேல், 'ஓர் அரசன் தன் வீரரின் புண்ணைக் காண வந்தான்' என்பதே எஞ்சும். பெயரை நீக்கிய பின்னும் நிற்கும் செயல் எதுவோ அதுவே செயல். பெயரோடு சேர்ந்து மறைவது விளம்பரம்.

இனி மேனாட்டுப் பெரும்புலவர் ஒருவரை நோக்குவோம். சேக்ஸ்பியர் தம் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் இதனையொத்த காட்சி ஒன்றை அமைத்துள்ளார். 1415ஆம் ஆண்டு அஜின்கோர்ட் போருக்கு முதனாள் இரவு, ஹென்றி மன்னன் முதியவர் ஒருவரது மேலங்கியை இரவல் வாங்கிப் போர்த்துத் தன்னை மறைத்துக்கொண்டு பாசறையில் உலவுகின்றான். வில்லியம்ஸ் என்னும் எளிய போர்வீரன், தன்முன் இருப்பவன் மன்னன் என அறியாது, உள்ளத்தில் உள்ளதைக் கூறிவிடுகின்றான்: போரின் காரணம் நேரியதன்றாயின் மாண்டோர் அனைவர்க்கும் மன்னனே கடவுள்முன் கணக்குக் கூறவேண்டிவரும் என்கின்றான். வெட்டுண்ட கைகால்களையும், ஏழையராய்க் கைவிடப்பட்ட மனைவியரையும், திக்கற்ற குழந்தைகளையும் அவன் நினைப்பூட்டுகின்றான். ஹென்றி நெடிது விடையிறுக்கின்றான். ஆயினும் போரின் காரணம் நேரியதா என்னும் வினா விடையின்றியே நிற்கின்றது.

இவ்வொன்றில் சேக்ஸ்பியர் காட்சி நக்கீரனார் காட்சியினும் ஆழமுடையது என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும். நெடுநல்வாடையில் புண்பட்ட வீரர் எவரும் வாய் திறப்பதில்லை. 'வேந்தே, இப்போர் எதன் பொருட்டு?' எனக் கேட்பார் இல்லை. நம்முடையது என்பதற்காக இக்குறையை மறைத்தல் திறனாய்வாகாது. அதே வேளையில், ஹென்றி தன்னை மறைத்துக்கொண்டே உண்மையைக் கேட்க முடிந்தது என்பதையும் நினைக்க. அரசன் அரசனாக வருமிடத்து வீரன் உண்மை கூறான். வரிசையில் நிறுத்தப்பட்ட படைஞன் தலைவனிடம் கூறுவது, கூறுமாறு பயிற்றப்பட்டதையேயாகும். ஆகலின், வந்தவர் காதிற் கசப்பான சொல் ஒன்றாவது விழ இடமிருந்ததா என்பதை நம் அளவுகோலின் இரண்டாங் கூறாகக் கொள்ளலாம்.

இவ்வளவுகோலை அண்மைக்கால நிகழ்ச்சிகள் சிலவற்றின்மேல் வைத்துப் பார்ப்போம். 2003 நவம்பர் 27ஆம் நாள், அமெரிக்கர் நன்றி நவிலும் திருநாளன்று, சனாதிபதி ஜோர்ஜ் புஷ் எவருக்கும் முன்னறிவிப்பின்றிப் பாக்தாத்துக்குப் பறந்து சென்று படைஞரைக் கண்டார். வறுத்த வான்கோழி வைத்த தட்டை ஏந்தியபடி அவர் நின்ற படம் உலகெங்கும் பரந்தது. அத்தட்டு அழகுக்காக வைக்கப்பட்டதென்றும், படைஞர் உண்டது வேறு தட்டுகளிலிருந்து என்றும் பின்னர்ச் செய்தி வந்தது. பயணத்தின் இடர் மெய். படைஞர் மகிழ்ச்சியும் மெய். தட்டு ஒன்றே காட்சிப்பொருள். ஆயின் மக்கள் நினைவில் நிலைத்தது அத்தட்டே. மெய்யான செயலின்மேற் பூசப்பட்ட சிறு பூச்சு மெய்யையும் ஐயத்திற்குள்ளாக்கும் என்பதற்கு இஃது ஒரு பாடம்.

2020 யூன் 15ஆம் நாள் கல்வான் பள்ளத்தாக்கில் இந்தியப் படைஞர் 20 பேர் மாண்டனர். யூலை 3ஆம் நாள் பிரதமர் நரேந்திர மோதி லடாக்கிற்குச் சென்று, லே நகரப் படை மருத்துவமனையில் காயமுற்றோரைக் கண்டார். அப்படங்களிலே மருத்துவக் கருவிகள் காணப்படவில்லை. ஆகலின் அது படத்திற்காக அமைத்த இடமே எனச் சிலர் பழித்தனர். அது மருத்துவமனை வளாகத்தைச் சேர்ந்த பயிற்சி மண்டபமே என்றும், நோயாளர் விடுதியாக மாற்றப்பட்டது என்றும், பழி ஆதாரமற்றது என்றும் இந்தியப் படை மறுநாளே விளக்கிற்று. இவ்வழக்கில் இரு சாராரும் எதனைப் பற்றி வாதிட்டனர்? கட்டிலையும் சுவரையும் கருவியையும் பற்றி. கட்டிலிற் கிடந்தோர் கூறியது யாது என்பது அவ்வாரவாரத்தில் எவர் காதிலும் விழவில்லை. விளம்பரம் எனப் பழிப்போரும் படத்தையே பார்த்து நின்றுவிடுகின்றனர். அதுவும் ஒருவகைக் குருடு.

இதுகாறும் பாசறைக்கு உள்ளே நின்றோம். இனி வெளியே வருவோம். நெடுநல்வாடையின் பெருமை அங்கேதான் முழுவதும் விளங்குகின்றது. அப்பாட்டு அரசனோடு தொடங்கவில்லை, பாசறையோடும் தொடங்கவில்லை. மழைவெள்ளத்திற்கு அஞ்சித் தம் நிரைகளை வேற்று நிலத்துக்கு ஓட்டிச் செல்லும் இடையரோடு தொடங்குகின்றது. இருந்த நிலத்தைப் பிரிந்த துயரோடு அவர் செல்கின்றனர். நனைந்த கண்ணியோடு தீமூட்டிக் கைகாய்ச்சிப் பல் நடுங்க நிற்கின்றனர். மாடுகள் மேய்தலை மறக்கின்றன, பறவைகள் வீழ்கின்றன, கறவைகள் கன்றை உதைத்துத் தள்ளுகின்றன. இவ்வுயிர்களையெல்லாம் காட்டிய பின்னரே புலவர் நகருக்கும், அரண்மனைக்கும், கடைசியாகப் பாசறைக்கும் நம்மை அழைத்துச் செல்கின்றார்.

கொழும்புத்துறையார்க்கு இப்பகுதிக்கு உரை வேண்டா. சோளகம் ஓய்ந்து வாடை திரும்பும் ஐப்பசியும் அடுத்த கார்த்திகையுமே கூதிர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் அவ்வைப்பசியில் வந்தது. வலிகாமத்தில் 'ரிவிரெச' என்னும் படையெடுப்பு முன்னேறிக்கொண்டிருந்தது. வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் அறிவித்தனர். இலட்சக்கணக்கானோர் அவ்விரவு மழையில் நனைந்தபடி செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். முதியோரும் குழந்தைகளும் கட்டிய மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்தோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். இருந்த நிலத்தைப் பிரிந்த இடையரின் துயரை நாம் நூலிற் படித்து அறிந்தவர்கள் அல்லேம்.

அடுத்த திங்களில் நகர் படையினர் கைப்பட்டது. டிசம்பர் 5ஆம் நாள் பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அனுருத்த ரத்வத்தை படைஞரிடையே வந்து யாழ்ப்பாண நகரில் தேசியக் கொடியை ஏற்றினார். வெற்றியை அறிவிக்கும் ஏடு ஒன்று கொழும்பில் விழாவெடுத்துச் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவிடம் கையளிக்கப்பட்டது. அமைச்சர் தம் படைஞரைக் கண்டார். படைஞர் அவரைக் கண்டனர். கொடி ஏறிய நகரின் மக்களோ அந்நாளில் அங்கு இல்லை. படத்தின் நடுவில் இருந்தோரைப் பற்றி அன்று பலர் எழுதினர். படத்தினுள் இல்லாதோரே அப்படத்தின் முழுப்பொருள் என்பதை எழுதினோர் சிலரே.

இங்கே நம் அளவுகோல் முழுமை பெறுகின்றது. தலைவன் தன் வீரரைக் காணுதல் கடமை. அதனைப் பழித்தல் அறியாமை. ஆயின் அவன் காணும் புண் தன்னவர் புண்ணாக மட்டும் இருப்பின் அக்காட்சி எவ்வளவு மெய்யாயினும் பாதியே. நெடுஞ்செழியனும் பாதியையே கண்டான். மறுபாதியைக் கண்டவர் நக்கீரனார். இடையனின் நடுங்கும் கையையும், அரசியின் விழிநீரையும், வீரனின் புண்ணையும், வேந்தனின் நழுவும் துகிலையும் ஒரே வாடையின் கீழ் அவர் வைத்தார். அரசவைப் புலவர் ஒருவர் தம் அரசனைப் பாடுமிடத்து அவனுக்கு முன்னே ஊர்பெயர்ந்த இடையரை நிறுத்தினார் என்றால், அது புகழ்ச்சியின் எல்லையைக் கடந்த செயல்.

மாணவர்கள் இனி இத்தகைய படம் ஒன்றைக் காணும்போது, 'இது விளம்பரமோ?' என்று மட்டும் கேட்டு அமையற்க. வந்தவர் எதனைக் கண்டார், எவர் வாய்ச்சொல்லைக் கேட்டார், வேலிக்கு அப்பால் நனைந்து நின்றோர் யாவர் எனவும் கேட்க. இறுதி வினாவிற்கு விடை கூறுவது தலைவர்களின் வேலையன்று; எழுதுவோரின் வேலை. நக்கீரனார் அதனைச் செய்து காட்டினார். வாடை இன்னும் நம் கடனீரேரியின்மீது ஆண்டுதோறும் திரும்பிக்கொண்டுதான் இருக்கின்றது.