நூற்றைம்பது கெஜத் துப்பாக்கி: மார்லின் 1895 எஸ்பிஎல்

பெருந்தோட்டா லீவர் ரைஃபிளைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் துப்பாக்கியை முதலில் வாங்கி, தோட்டாவையும் குறிபார்க்கும் கருவியையும் பிறகு முடிவு செய்கின்றனர்; ஆயினும் சுடவேண்டிய தொலைவு தோட்டாவையும், தோட்டா குறியமைப்பையும் தீர்மானிப்பதால், இவ்வரிசையைத் தலைகீழாக்குவதே முறை. லீவர் ரைஃபிள் என்பது, விசையைச் சூழ்ந்து வளையமாக அமைந்த கைப்பிடியை முன்னோக்கித் தள்ளி மீண்டும் இழுத்து மூடுகையில், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி ஆகும். அவ்வகையில் அமெரிக்காவில் இன்று பரவலாகப் பேசப்படும் மார்லின் 1895 எஸ்பிஎல் இங்கு மதிப்பிடப்படுகிறது.

இதில் பயன்படும் .45-70 தோட்டா, 1873-இல் அமெரிக்கப் படை ஏற்ற ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்காக உருவானது. பெயரிலுள்ள முதல் எண் குண்டின் விட்டத்தை அங்குலத்திலும், இரண்டாம் எண் கருமருந்தின் எடையைக் கிரெயினிலும் குறிக்கின்றன (1 கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம்). மூல 1895 மாதிரி 1917 வரை தயாரிக்கப்பட்டு நின்றுபோக, அதே பெயரில் இன்றைய வடிவம் 1972-இல் வெளிவந்தது. ரெமிங்டன் நிறுவனத்தின் திவால் நடவடிக்கையின்போது, 2020-இல் அதன் வசமிருந்த மார்லினை ரூகர் நிறுவனம் வாங்கி, வட கரோலினாவின் மேயோடன் ஆலையில் தயாரித்த முதல் எஸ்பிஎல் துப்பாக்கிகளை 2021 டிசம்பரில் விற்பனைக்கு அனுப்பியது.

குழல் 19 அங்குலமும் மொத்த நீளம் 37 அங்குலத்துக்குச் சற்று மேலும், எடை ஏறக்குறைய 3.3 கிலோவும் கொண்ட இத்துப்பாக்கி, கிளைகள் நெருங்கிய காட்டிலும் தடையின்றித் தோளுக்கு எழுகிறது. துருப்பிடிக்காத எஃகும் பல அடுக்குகளாக ஒட்டிய மரக்கட்டையும் மழைக்கு ஈடுகொடுக்கின்றன. வெற்றுக்கூடு பக்கவாட்டில் வெளியேறுவதால் மேற்பகுதி மூடிய எஃகாக நிற்கிறது. ஆகவே கூடு மேலே எழும் பழைய வின்செஸ்டர் மாதிரிகளைப் போலன்றி, ஸ்கோப் என்னும் தொலைநோக்கிக் குறிகருவியைக் குழலின் நேர்மேலே பொருத்த முடிகிறது. லீவரின் திருகைக் கழற்றினால் பூட்டுத்தண்டை வெளியே எடுத்துக் குழலைப் பின்புறமிருந்தே துடைக்கலாம். உள்ளிருக்கும் சிறிய வெளியேற்றித் தகடு அப்போது நழுவி விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். லீவரை அரைகுறையாக அசைத்தால் தோட்டா சிக்கிக்கொள்வதும், சுடாத தோட்டாக்களை ஒவ்வொன்றாக லீவரை இயக்கியே வெளியேற்ற வேண்டியிருப்பதும் இதன் குறைகள். அவ்வாறு வெளியேற்றும்போது குழல்வாய் எப்பொழுதும் பாதுகாப்பான திசையை நோக்கியிருத்தல் இன்றியமையாதது.

தோட்டாக்கள் குழலின் கீழுள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடப்பதால், கூர்முனைக் குண்டின் நுனி முன்னிருக்கும் தோட்டாவின் பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணத்தை, பின்னுதைப்பின் வேகத்தில் குத்தி வெடிக்கச் செய்யக்கூடும். தட்டைமுனைக் குண்டுகள் மரபாகியது இதனால்தான். நெகிழும் பாலிமர் நுனி கொண்ட ஹார்னடி நிறுவனத்தின் லெவர்எவல்யூஷன் வகை இத்தடையைக் கடந்தது. தோட்டாவின் வலிமையும் ஒரே அளவினதன்று: 405 கிரெயின் குண்டை நொடிக்கு 1,330 அடி வேகத்தில் செலுத்தும் மரபுத் தோட்டா, குழல்வாயிலேயே ஏறக்குறைய 1,590 அடி-பவுண்டு ஆற்றலை மட்டுமே தருகிறது. அலாஸ்காவில் காட்டெருமை வேட்டைக்கு 100 கெஜத்தில் 2,000 அடி-பவுண்டு ஆற்றல் எஞ்சியிருக்க வேண்டும் என்னும் விதி உள்ளமையால், இத்தோட்டா அங்குத் தகுதி பெறாது. 325 கிரெயின் லெவர்எவல்யூஷன் அத்தொலைவில் ஏறக்குறைய 2,150 அடி-பவுண்டைத் தக்கவைத்துத் தகுதி பெறுகிறது. புதிய துப்பாக்கிகளுக்கென வலுவாக நிரப்பிய தோட்டாக்களைப் பழைய ஸ்பிரிங்ஃபீல்டில் இடுவது ஆபத்தானது என்பதால், பெட்டியின் எச்சரிக்கையைப் படித்தே வாங்க வேண்டும்.

குறியமைப்பில், ஆலையிலிருந்தே வரும் அகன்ற துளைக்குறி அண்மைச் சுடுதலுக்குப் போதுமானது: பின்துளை வழியே நோக்கும் கண் அதன் மையத்தைத் தானே தேடிக்கொள்வதால், முன்குறியை விலங்கின்மீது வைத்தால் போதும். அந்தி வெளிச்சத்துக்கு ஸ்கோப் தேவைப்படுமாயின், 1 முதல் 4 மடங்கு வரை உருப்பெருக்குவதும், பின்னுதைப்பில் புருவத்தில் இடிக்காதவாறு கண்ணுக்கு 4 அங்குல இடைவெளி தருவதுமான ஒன்றைத் தாழ்வாகப் பொருத்துவதே நன்று. ஸ்கோப் மறைக்கும் சுத்தியலை எட்டுவதற்குப் பக்கவாட்டு நீட்டிப்புத் துண்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். விரல் வழுக்கிச் சுத்தியல் விழுவதைத் தவிர்க்க இது இன்றியமையாதது.

மேற்கூறிய 325 கிரெயின் தோட்டாவை 100 கெஜத்தில் 3 அங்குலம் மேலே படுமாறு சரிசெய்தால், 200 கெஜத்தில் அது ஏறத்தாழ 4 அங்குலம் தாழ்ந்தும், 300 கெஜத்தில் ஏறத்தாழ 28 அங்குலம் தாழ்ந்தும் படும். திறமையான வேட்டைக்காரரும் 150 கெஜத்தோடு நின்றுகொள்வது இதனால் அறிவுடைமையாகும். பின்னுதைப்பு வலுவானதாதலால், குறி சரிபார்க்கும்போது துப்பாக்கியை மணல் மூட்டையில் தாங்கி, தடித்த தோள்மெத்தையுடன் சில சுடுதல்களுக்குப் பிறகு இடைவெளிவிடுவது நல்லது. குழல்வாய் மரையில் பொருத்தும் பிரேக் என்னும் துணைக்கருவி உதைப்பைக் குறைப்பினும் ஓசையைப் பன்மடங்கு காதுக்குத் திருப்பிவிடுகிறது.

திறந்தவெளியில் தொலைதூர வேட்டையை நாடுவோர் வேறு துப்பாக்கியைத் தேடுவதே பொருத்தம்; அடர்காட்டில் பேருருவ விலங்கை அண்மையில் எதிர்கொள்வோருக்கு எஸ்பிஎல் தக்கதோர் தேர்வு. தோட்டாவின் எடையோ வேகமோ மாறினால் குறி படும் இடமும் மாறும். எனவே தேர்ந்த தோட்டாவில் போதிய இருப்பை வாங்கிவைத்து, அதைக் கொண்டே குறியைச் சரிசெய்து முடிப்பதோடுதான் இத்துப்பாக்கியின் தேர்வு நிறைவடைகிறது.