பெயரைப் பறிகொடுத்த கேப்டன்

சூப்பர்மேனை விற்பனையில் ஓரங்கட்டிய ஒரு சூப்பர் ஹீரோ இருந்தார் என்றால் நம்புவீர்களா? இருந்தார். பெயர் கேப்டன் மார்வெல். இப்போது அந்தப் பெயர் அவருடையது இல்லை.

1940-ல் அமெரிக்காவின் ஃபாசெட் கம்பெனி 'விஸ் காமிக்ஸ்' இதழில் அவரை அறிமுகப்படுத்தியது. பில் பார்க்கர் எழுத, சி.சி.பெக் வரைந்தார். பில்லி பேட்சன் என்ற அநாதைப் பையன் 'ஷஸாம்!' என்று கத்துவான். மின்னல் வெட்டும். பையன் நின்ற இடத்தில் சிவப்பு உடையில் ஆஜானுபாகுவாக ஓர் ஆள். சூப்பர்மேன் ஆக வேண்டுமென்றால் வேறு கிரகத்தில் பிறந்திருக்க வேண்டும். இவராக மாற ஒரே ஒரு வார்த்தை போதும். பசங்க விடுவாங்களா? அவருடைய தனி இதழ் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது.

1941-ல் சூப்பர்மேனின் முதலாளிகளான நேஷனல் கம்பெனி (பிற்பாடு டி.சி.) 'இது காப்பி' என்று கோர்ட்டுக்குப் போனது. வழக்கு பன்னிரண்டு வருஷம் இழுத்தது. 1951-ல் அப்பீலில் காற்று நேஷனல் பக்கம் திரும்பியது. அதற்குள் சூப்பர் ஹீரோ மவுசும் குறைந்துவிட, 1953-ல் நாலு லட்சம் டாலர் கொடுத்து, இனி வெளியிட மாட்டோம் என்று எழுதியும் கொடுத்துவிட்டுக் கடையைக் கட்டியது ஃபாசெட்.

காப்பியா? அசுர பலம், முதுகில் துணி, குண்டு துளைக்காத மார்பு... காப்பிதான், சந்தேகமில்லை. ஆனால் கதைகள் காப்பி இல்லை. மாதக்கணக்கில் ஓடிய ஒரு தொடரில், உலகையே மிரட்டும் மகா வில்லனின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். ஆசாமி யார் என்று பார்த்தால், கண்ணாடி போட்ட ஒரு குட்டிப் புழு! கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு மரியாதையாகப் பேசும் புலி ஒன்றும் உண்டு. அந்தக் காலத்து சூப்பர்மேனிடம் இந்தக் குறும்பு கிடையாது.

வேடிக்கை இனிமேல்தான். இந்தக் கதைகளில் ஏராளமானவற்றை எழுதிய ஓட்டோ பைண்டர், பிறகு வழக்குப் போட்ட கம்பெனிக்கே எழுதப் போனார். கேப்டனுக்கு 1942-லேயே மேரி மார்வெல் என்று பறக்கும் தங்கை உண்டு. அவளை உருவாக்கியதில் பைண்டருக்கும் பங்கு. 1959-ல் சூப்பர்மேனுக்கு சூப்பர்கேர்ள் என்று ஒரு பறக்கும் உறவுக்காரப் பெண் வந்தாள். எழுதியவர்? அதே பைண்டர். இதற்கு யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.

பெயர் சும்மா கிடந்தது. 1967-ல் மார்வெல் கம்பெனி வேறொரு கேப்டன் மார்வெலை இறக்கி, அதை மடக்கிக்கொண்டது. டி.சி.யே உரிமம் வாங்கி 1973-ல் பழைய ஹீரோவைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அட்டையில் 'ஷஸாம்!' என்றுதான் தலைப்புப் போட முடிந்தது. மறுபடி வரைய வந்த பெக், கதைகள் பிடிக்காமல் பத்து இதழோடு விலகிவிட்டார். அவர் கோபம் நியாயம். புலியும் புழுவும் இருந்தால் போதாது, அவற்றை நம்பி எழுத ஆள் வேண்டாமா? பின்னால் வந்தவர்களில் பலர் அவரை சீரியஸாக்கப் பார்த்தார்கள். எனக்கு அது ரசிக்கவில்லை.

2019 மார்ச்சில் 'கேப்டன் மார்வெல்' படம் வந்தது. அதில் ஹீரோ ஒரு பெண். நம்ம ஆளின் படம் அடுத்த மாதமே 'ஷஸாம்!' என்று வந்தது. 2012 வாக்கில் டி.சி. அவர் பெயரையே ஷஸாம் என்று மாற்றியிருந்தது. இதில் ஒரு சின்னச் சிக்கல். யாராவது பெயர் கேட்டால் அவர் சொல்ல முடியாது. சொன்னால் மின்னல் வெட்டும், பையனாகிவிடுவார்.