துணி நாப்கின்

ஆரோவில்லில் 2010-ல் தொடங்கிய ஈகோ ஃபெம் போன்ற நிறுவனங்கள் தைத்துத் தரும் துணி நாப்கினில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் இறக்கைகள்தான். உள்ளாடைக்கு அடியில் மடித்து, பிரஸ் பட்டனை அழுத்தினால் ‘டிக்’ என்று பிடித்துக்கொள்கிறது. பாட்டி காலத்துப் பழம்புடவைத் துண்டுக்கு இந்த வசதி ஏது? நகர்ந்துவிடுமோ, கறை தெரியுமோ என்றே பொழுது போகும்.

உடம்பில் படும் பக்கம் மெத்தென்ற பருத்தி ஃபிளானல். நடுவில் உறிஞ்சும் அடுக்குகள். அடியில் ஈரம் கசியாத பூச்சுத் துணி. பிளாஸ்டிக் நாப்கினின் உரசலும் வியர்வைப் புழுக்கமும் வெகுவாகக் குறைகின்றன. வெளியே மாற்ற நேர்ந்தால் கறை உள்ளே போகும்படி மடித்து அதே பட்டனைப் போட்டால் கைக்கடக்கமான பொட்டலம். ஜிப் வைத்த ஈரம் தாங்கும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம். அந்தப் பை இல்லாமல் அலுவலகம் போகாதீர்கள்.

குறை இல்லாமலில்லை. லெக்கின்ஸ் போட்டால் தடிமன் தெரியும். ஐப்பசி மழையில் இரவு நாப்கின் லேசில் காயாது. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். துணியை மிருதுவாக்கும் திரவம் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். அப்புறம், நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். துண்டுக்கு அடியில் ஒளித்துக் காயப்போடுவது நம் வீட்டுப் பழக்கம். அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் அடர்நிறத்தில் ஒன்றிரண்டு வாங்கி, வீட்டிலிருக்கும் நாளில் அணிந்து பாருங்கள்.