நாயின் பெயர் இருக்கிறது, கிரவுண்ட்ஸ்மேன் பெயர் இல்லை

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் எவலெத் என்று ஒரு சுரங்க ஊர். மெசாபி என்ற இரும்புத் தாதுப் பகுதியில் இருக்கிறது. மக்கள்தொகை நாலாயிரம்கூடக் கிடையாது. ஊருக்குள் 110 அடி நீளத்துக்கு ஒரு ஹாக்கி மட்டையைச் செய்து சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். 1973-ல் அமெரிக்க ஐஸ் ஹாக்கிக்கான ஹால் ஆஃப் ஃபேம் திறக்கப்பட்டபோது அது பாஸ்டனுக்கோ நியூயார்க்குக்கோ போகவில்லை, இந்த ஊருக்குத்தான் வந்தது.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. ஃபின்லாந்து, ஸ்லோவேனியா, குரோஷியா, இத்தாலி என்று எங்கெங்கிருந்தோ சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே பனியில் ஆடிப் பழகினார்கள். 1922-லேயே ஊர் தனக்கென்று ஹிப்போட்ரோம் என்ற ஆட்ட அரங்கத்தைக் கட்டிக்கொண்டது. ஃபிராங்க் பிரிம்செக், மைக் கராகஸ், ஜான் மாரியூச்சி மூவரும் அந்த ஊரில் வளர்ந்து என்ஹெச்எல் வரைக்கும் போனவர்கள். அந்தக் காலத்தில் அந்த லீக்கில் அமெரிக்கர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அம்பத்தூர் பக்கம் வேலை பார்க்கும் எனக்கு இந்த ஊர் அன்னியமாகப் படவில்லை. பனியைக் கழித்துவிட்டால் மிச்சம் ஆவடிதான். 1955-ல் பெரம்பூரில் ஐசிஎஃப் வந்தது. அறுபதுகளில் ஆவடியில் டேங்க் ஃபேக்டரி வந்தது, 1965-ல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் எஸ்டேட். பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து குவார்ட்டர்ஸ்களில் குடியேறினார்கள். குவார்ட்டர்ஸ் என்றால் ஒரு ஸ்கூல், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு கோயில், ஒரு கிரவுண்ட். எவலெத்துக்கு வாய்த்த சூழல்தான் இதுவும்.

அப்படியானால் நமக்கும் ஒரு ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் வேண்டாமா? ஐஸ் ஹாக்கி இல்லாவிட்டால் நம்முடைய ஹாக்கிக்கு? இந்தக் கேள்வி கேட்டவுடனே ஆமாம் சொல்லத் தோன்றும். ஆனால் அதற்கு முன்னால் ஹால் ஆஃப் ஃபேம் என்ற வடிவத்தையே கொஞ்சம் விமர்சனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாவலுக்கு ஒரு வடிவம் இருப்பதுபோல இதற்கும் ஒன்று இருக்கிறது. அந்த வடிவம் சிலதைச் சொல்ல விடும், சிலதைச் சொல்லவே விடாது.

டொராண்டோவில் இருப்பதுதான் இந்த வகையின் பெரிய கோயில். 1943-ல் தொடங்கப்பட்ட அமைப்பு, 1993 முதல் பழைய பேங்க் ஆஃப் மாண்ட்ரியல் கட்டடத்தில் இருக்கிறது. 1885-ல் கட்டிய பேங்க். ஸ்டான்லி கோப்பையின் அசல் வெள்ளிக் கிண்ணத்தை அந்த பேங்கின் பணப்பெட்டக அறைக்குள் வைத்திருக்கிறார்கள். அங்கே கௌரவிக்கப்படுபவர்களுக்கு மூன்று பிரிவுகள்: ஆட்டக்காரர்கள், நடுவர்கள், பில்டர்கள். பில்டர் என்றால் நிஜமாகவே கொத்தனாரோ என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் முதலாளிகள், மேலாளர்கள், பயிற்சியாளர்கள், சங்கத் தலைவர்கள்.

டேட்டாபேஸ் வடிவமைக்கிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ஒரு டேபிளில் எந்த பீல்டை நாம் வைக்கவில்லையோ, அந்தத் தகவல் அந்த உலகத்தில் கிடையாது. யாரும் அழிக்கவில்லை, மறைக்கவில்லை. போட இடம் இல்லை, அவ்வளவுதான். ஐஸைப் பராமரித்தவர், மட்டைக்கு டேப் சுற்றிக் கொடுத்தவர், பையன்களை லாரியில் ஏற்றிப் போனவர், இவர்களுக்கு ஹால் ஆஃப் ஃபேமில் பீல்டு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே கட்டடத்தில் இருக்கும் கோப்பை இந்த விஷயத்தில் பரவாயில்லை. ஜெயித்த அணியின் பெயர்களைக் கோப்பையில் பொறிக்கும்போது ஆட்டக்காரர்களோடு டிரெய்னர்கள், உபகரணங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் பெயரையும் சேர்த்துப் பொறிக்கிறார்கள். 1984-ல் எட்மண்டன் அணியின் முதலாளி தன் அப்பா பெயரையும் நைசாக உள்ளே நுழைத்துவிட்டார். லீக் கண்டுபிடித்து அந்தப் பெயரின் மேல் வரிசையாக எக்ஸ் அடித்தது. இன்றைக்கும் அந்த எக்ஸ்கள் கோப்பையில் தெரிகின்றன. நான் இதை ஒரு நல்ல ஆவணமாகப் பார்க்கிறேன். திருத்தம் நடந்தது, திருத்தம் நடந்த தடமும் இருக்கிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். தமிழுக்கு ஹால் ஆஃப் ஃபேம் புதிது, ஆனால் வீரனுக்குப் பெயர் வெட்டி வைப்பது புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் ஏராளம். ஒரு சராசரி நடுகல் என்ன சொல்கிறது? எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு, எந்த ஊர், யாருடைய ஆள், எந்தச் சண்டை, எந்த மாட்டு மந்தை, செத்தவன் பெயர். நாலு வரிக்குள் சம்பவம் முழுக்க வந்துவிடும். அந்தப் பகுதியில் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதி, அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன்.

ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் ஒரு நாய்க்குப் பெயர் இருக்கிறது. நான் நடுகல்லை ரொமான்டிக்காகப் பேசவில்லை. அதுவும் போர் வீரனுக்கான வடிவம்தான், மாடு மேய்த்தவளுக்குக் கல் நட்டதில்லை. ஆனால் சம்பவத்தோடு சேர்த்து மனிதனைச் சொல்லும் பழக்கம் அதில் இருக்கிறது. ஹால் ஆஃப் ஃபேம் மனிதனைச் சம்பவத்திலிருந்தும் ஊரிலிருந்தும் பிடுங்கி எடுத்து, வெண்கலத்தில் முகமாக ஒட்டுகிறது. எவலெத்தே இதற்கு உதாரணம். 2007-ல் யாரைச் சேர்ப்பது என்று தேர்வு செய்யும் வேலையும் விழா நடத்தும் வேலையும் தேசிய அமைப்பிடம் போய்விட்டது. மியூசியம் மட்டும் ஊரில் நிற்கிறது. புகழ் ஊர் ஊராகப் போகிறது, மட்டை மட்டும் அங்கேயே சாய்ந்து நிற்கிறது.

இந்திய ஹாக்கிக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 1948, 1952, 1956 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய பல்பீர் சிங் சீனியர், 1985-ல் தன் மெல்பர்ன் கேப்டன் பிளேசர், 36 பதக்கங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட போட்டோக்கள் எல்லாவற்றையும் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் கொடுத்தார். டெல்லியில் ஒரு விளையாட்டு மியூசியம் வரப்போகிறது என்பதற்காக. மியூசியம் வரவில்லை. 2012 வாக்கில் விசாரித்தபோது அந்தப் பொருட்களையே காணோம். கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். 2020 மே மாதம் இறந்துபோனார். வீட்டு பீரோவில் இருந்திருந்தால் பிளேசர் பத்திரமாக இருந்திருக்கும். மியூசியத்துக்குக் கொடுத்ததால் தொலைந்தது.

ஆக, மியூசியம் வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால், யார் வைத்திருக்கப் போகிறார்கள், எந்த ரெஜிஸ்டரில் எழுதப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குப் பட்டியல் போடுவது கஷ்டமே இல்லை. 1960, 64, 68 மூன்று ஒலிம்பிக்கிலும் ஆடிய வி.ஜே. பீட்டர். 1975 உலகக் கோப்பை ஜெயித்த அணியில் அவர் தம்பி பிலிப்ஸ். 1968-ல் முனீர் சேட். 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன் பாஸ்கரன், ஆரணிக்காரர். பிறகு முகமது ரியாஸ், ஆடம் சின்கிளேர். பத்து முகம், பத்து வெண்கலத் தகடு, ஒரு அமைச்சர், ஒரு ரிப்பன். முடிந்தது.

ஆனால் தன்ராஜ் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டு ஆடியவர். புனேவின் கட்கியில், ஆர்டினன்ஸ் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். உடைந்த மட்டையைக் கட்டி ஆடிய கதை எல்லோருக்கும் தெரியும். அவர் அப்பா நாகலிங்கம் பிள்ளை அந்த ஃபேக்டரியில் கிரவுண்ட்ஸ்மேன். இந்தப் பெயர் நமக்குத் தெரியக் காரணம், மகன் தன்ராஜ் ஆனதுதான். மகன் ஃபேக்டரியிலேயே ஃபிட்டராகச் சேர்ந்திருந்தால், அதே கிரவுண்டை அதே மாதிரி தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டிய அந்த மனிதர் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார்.

ஆவடியிலும் ஆர்டினன்ஸ் குவார்ட்டர்ஸ் இருக்கிறது, கிரவுண்ட் இருக்கிறது. சென்னை ஹாக்கி லீக்கில் ஆடும் அணிகளின் பெயரைப் படியுங்கள்: ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, ஐஓபி, இந்தியன் பேங்க், ஏஜி ஆபீஸ், போலீஸ். எல்லாமே மாதச் சம்பளம் கொடுக்கும் இடங்கள். நம் ஹாக்கி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஓடியது, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கிடைத்த பர்மிஷனில் ஓடியது. இந்தக் கதை எந்த வெண்கலத் தகட்டிலும் ஏறாது.

1976 மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதல் முறையாகச் செயற்கைத் தரைக்குப் போனது. இந்தியா ஏழாவது இடம். பிலிப்ஸ் ஆடிய ஒலிம்பிக் அது. அதற்குப் பிறகு புல் மைதானமும் மண் மைதானமும் பெரிய ஆட்டத்துக்கான பள்ளிக்கூடமாக இருந்த காலம் மெல்ல முடிந்தது. எழும்பூரில் டர்ஃப் வந்தது, 2023-ல் ஆசிய சாம்பியன்ஸ் டிராபியை இந்தியா ஜெயித்ததும் அங்கேதான். ஆனால் ஆவடியிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் போய் வரும் பையனுக்கு, வீட்டு வாசலில் இருந்த கிரவுண்ட் திடீரென்று செல்லாத நோட்டாகிவிட்டது. இதுவும் ஹாக்கி வரலாறுதான்.

சினிமா இதைக் கொஞ்சம் தொட்டது. 2019-ல் வந்த 'நட்பே துணை' காரைக்காலில் ஒரு ஹாக்கி மைதானத்தைக் காப்பாற்றும் கதை. குறைகள் நிறைய. ஆனால் நம் விளையாட்டுப் படங்களில் மைதானத்தையே பிரச்சினையாக வைத்த படம் என்பதால் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் ஒரு கேள்வி நிற்கிறது: மைதானம் இருப்பதற்கு யாராவது ஜெயித்துக் காட்டத்தான் வேண்டுமா? தோற்ற பையன்களுக்கு மைதானம் கூடாதா?

மியூசியம் கட்டுவது செத்தவனுக்குக் கருமாதி மாதிரி, அந்தப் பணத்தில் இன்னொரு டர்ஃப் போடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நியாயமான வாதம்தான். கட்டடம் என்றால் நானும் டர்ஃப் பக்கமே நிற்பேன். நான் கேட்பது கட்டடம் இல்லை. வில்லிவாக்கத்தில் ஐசிஎஃப் பக்கத்திலேயே 2002 முதல் ரயில் மியூசியம் இருக்கிறது. பழைய இன்ஜினும் பெட்டியும் வெயிலில் நிற்கின்றன, பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். பெட்டிக்கு இடம் கிடைத்த அந்த வளாகத்தில், பெட்டி செய்தவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு ஒரு அறை கிடைக்காதா?

அவசரமும் இருக்கிறது. 2021 அக்டோபர் 1-ம் தேதி ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டு கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தது. ஆவடியில் டேங்க் ஃபேக்டரி ஒரு கம்பெனிக்குப் போனது, சீருடை தைக்கும் ஃபேக்டரி வேறொன்றுக்குப் போனது. ஒரு நிறுவனம் இன்னொன்றாக மாறும்போது என்ன நடக்கும் என்று சர்வர் மாற்றியவர்களுக்குத் தெரியும். முக்கியமான டேபிள்கள் போய்ச்சேரும். யாரும் கேட்காதவை பழைய மெஷினிலேயே நின்றுவிடும், ஒருநாள் அந்த மெஷினை எடைக்குப் போட்டுவிடுவார்கள். ரெக்ரியேஷன் கிளப்பின் போட்டோ, டீம் லிஸ்ட், மட்டை வாங்கிய வவுச்சர், கிரவுண்ட்ஸ்மேனின் வருகைப் பதிவு, இவை எல்லாம் யாரும் கேட்காத டேபிள்கள்.

அந்த அறைக்கு ஒரு ஸ்கேனர் போதும், வாரத்துக்கு ஒரு மத்தியானம் உட்கார ஒரு ஆள் போதும். ரிட்டயர் ஆனவர்கள் அயப்பாக்கத்திலும் திருமுல்லைவாயலிலும் பட்டாபிராமிலும் இருக்கிறார்கள். அசலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, படமெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பல்பீர் சிங்கின் பிளேசர் சொல்லிக்கொடுத்த பாடம் இது. ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழே எந்த வருஷம், எந்த கிரவுண்ட், எந்த டிபார்ட்மென்ட், யாரோடு ஆடினார்கள், ஜெயித்தார்களா தோற்றார்களா என்று நடுகல் மாதிரி நாலு வரி எழுத வேண்டும்.

பிறகு இன்னொரு வரிக்கு இடம் விடுங்கள். கிரவுண்டுக்குத் தண்ணீர் விட்டவர் பெயர். போட்டோவில் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, கையில் ஹோஸ் பைப்போடு யாராவது நின்றுகொண்டிருப்பார். அவர் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். முதலில் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.