பாலையில் விரிந்த ரேஹால்

நமது படப்பை வழியே செல்லும் வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் விழாக்காலங்களில் அலங்கார வளைவுகள் எழுகின்றன. யாரேனும் ஒருவரின் பெயரையும் உருவத்தையும் உயர்த்திக் காட்டிச் சில நாள்களில் மறைகின்றன. ஜித்தாவிலிருந்து மக்கா செல்லும் நெடுஞ்சாலையில், பாலைக்கு நடுவே நிற்கும் ‘பவ்வாபத்து மக்கா’ என்னும் மாபெரும் நுழைவாயிலோ எந்த மனிதனையும் உயர்த்தவில்லை.

சவூதி ஓவியர் ளியா அஸீஸ் ளியாவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இச்சின்னத்தின் வடிவம் நமக்குப் புதிதன்று. நம் இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் குர்ஆனைத் தாங்கும் ரேஹால் பலகைதான் அது. ஒரே மரத்தில் ஆணியின்றிக் கடைந்தெடுக்கும் அந்த எளிய பொருள், இங்கே சாலையின் இருபுறமும் கால் ஊன்றி, உச்சியில் விரிந்த வேதத்தை ஏந்தி நிற்கிறது. உருவச்சிலைகளைத் தவிர்க்கும் மரபு கலையை வறுமையாக்கிவிடும் என்போருக்கு இது தக்க மறுமொழி. வேதம் மேலே, பயணி கீழே என்னும் அமைப்பில், வாய்ச்சொல்லின்றியே அதபு கற்பிக்கப்படுகிறது.

இதற்கு ஒரு பழைமையும் உண்டு. ஹரமின் எல்லைகளில் இப்றாஹீம் நபி (அலை) அடையாளக் கற்களை நாட்டியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஹிஜ்ரி 8இல், மக்கா வெற்றியின்போது, நபிகள் நாயகம் (ஸல்) அவற்றைப் புதுப்பிக்கச் செய்தார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்களும் செப்பனிடச் செய்தார்கள். புனித எல்லை நெருங்குவதை உணர்த்தும் இவ்வாயில் அக்கற்களின் வழித்தோன்றல் எனலாம்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் திறனாய்வுக்கு அழகன்று. ஒட்டகத்தில் வந்தவன் எல்லைக்கல்லை நெடுநேரம் பார்த்தவாறே அணுகினான். தல்பியா அவன் நாவில் ஊறியது. இன்றைய பேருந்தோ சில நொடிகளில் வாயிலைக் கடந்துவிடுகிறது. ஹாஜிகள் பலர் கைப்பேசியில் படமெடுப்பதற்குள் அது பின்னால் போய்விடுகிறது. விரிந்திருந்தும் ஓத இயலாத நூல் அது. இக்குறை சிற்பிக்குரியதா, நமக்குரியதா? பட்டுத்துணியில் பொதிந்து உயரப் பலகையில் வைத்த குர்ஆன்கள் நம் வீடுகளிலும் அவ்வாறுதானே இருக்கின்றன!

முதலில் இறங்கிய கட்டளை ஓதுமாறு பணித்ததேயன்றி, உயர்த்தி வைக்குமாறு அன்று. பாலையில் நிற்கும் ரேஹால் தன் பணியைச் செய்துவிட்டது. ஹஜ்ஜிலிருந்து திரும்பியபின் நம் வீட்டு ரேஹால் விரிகிறதா என்பதில்தான், நாம் அவ்வாயிலின் வழியே உண்மையில் நுழைந்தோமா என்பது விளங்கும்.