தகப்பனாகும் சேவல்

ஆறேழு சேவற்குஞ்சுகள் ஒன்றாக வளரும் வீட்டில், எது முதலில் ஒரு கிலோவைத் தொடுகிறதோ அதுதான் முதலில் குழம்புச் சட்டிக்கோ வியாபாரியின் கூடைக்கோ போகிறது. அதற்கடுத்துப் பெருத்தது தீபாவளிக்கு. இன்னொன்று மருமகன் வரும் நாளுக்கு. கடைசியில் மிஞ்சுவது ஒரு நோஞ்சான், அல்லது பிடிக்கப் போனால் கூரையில் ஏறிக்கொள்ளும் கெட்டிக்காரன். அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு அவன்தான் தகப்பன். சிவகங்கைச் சீமையிலும் இதுதான் நடக்கிறது, இலங்கையின் வன்னியிலும் இதுதான். நாட்டுக்கோழியில் எலும்புதான் இருக்கிறது, கறி எங்கே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இனத்தைக் குறை சொல்கிறார்கள். பெருத்ததை எல்லாம் வெட்டி, சிறுத்ததை இனத்துக்கு விட்டு, நாமே சிறுக்க வைத்த கோழி அது.

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஆகவே பெட்டைகளில் கழித்துக்கட்ட வசதியில்லாத ஏழை வீட்டில்கூடச் சேவலைப் பொறுக்கி எடுக்க இடம் இருக்கிறது. இருபது சேவற்குஞ்சில் ஒன்றை நிறுத்திக்கொண்டு பத்தொன்பதையும் தின்னலாம், விற்கலாம். நிறுத்திய அந்த ஒன்று, பிறக்கப்போகும் எல்லாக் குஞ்சுகளுக்கும் பாதி இரத்தம். உடல் எடை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஓரளவு நன்றாகவே இறங்கும் குணமும்கூட. முட்டை எண்ணிக்கை அப்படி எளிதில் இறங்குவதில்லை. இவ்வளவு சாதகம் இருந்தும் கறிக்கென்று சேவல் தேரும் வழக்கம் இரு கரையிலும் வேரூன்றவில்லை. தேர்ந்தார்கள், நிச்சயமாகத் தேர்ந்தார்கள். ஆனால் தேர்ந்தது வேறு காரியங்களுக்கு.

தமிழ்நாட்டில் அந்தக் காரியம் கட்டு, அதாவது சேவல் சண்டை. சேவற்கட்டுக்காரர்களைப் போலச் சேவலைக் கூர்ந்து பார்த்தவர்கள் நம்மிடம் வேறு யாரும் இல்லை. காகம், வல்லூறு, மயில், கீரி, ஆந்தை என்று நிறத்தை வைத்துப் பிரிப்பார்கள். காலின் செதிலை எண்ணுவார்கள், கண்ணின் நிறம் பார்ப்பார்கள், இன்ன பெட்டையின் வயிற்றில் வந்தது என்று மூன்று தலைமுறைக்கு வழி சொல்வார்கள். நிறத்துக்கும் திதிக்கும் முடிச்சுப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வழியை மனத்தில் வைத்திருப்பதும், ஒரு நல்ல சேவலை மூன்று நான்கு ஆண்டு விற்காமல் வைத்திருப்பதும் எந்த இனவிருத்திப் பண்ணைக்கும் குறையாத ஒழுங்கு. அந்த ஒழுங்கில் உருவானதுதான் அசில் என்றும் பெருவிடை என்றும் சொல்லப்படும் கனத்த கோழி. நன்றாக வளர்ந்த அசில் சேவல் 4 முதல் 5 கிலோ வரை நிற்கும். சண்டைக்காக வளர்த்த நெஞ்சும் தொடையும் கறியாகவும் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் ஊர் அதைக் கண்டுகொண்டது. கரூர் மாவட்டம் பூலாம்வலசு போன்ற இடங்களில் பொங்கலை ஒட்டி நடக்கும் கட்டில் தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர். உயிரோடு ஆடிய சேவலைவிட அந்தக் கோச்சைக் கறிக்கு அடிதடி அதிகம்.

இந்தத் தற்செயலின் கதை ஊரோடு முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து கொண்டுபோன அசிலை உள்நாட்டுச் சண்டைக் கோழியோடு சேர்த்து இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு புதுச் சண்டைச் சேவலை உருவாக்கப் பார்த்தார்கள். சண்டைக்கு அது உதவவில்லை. ஆனால் அப்படி அகன்ற நெஞ்சை அந்த நாட்டில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதுதான் கார்னிஷ். அமெரிக்காவில் 1948லும் 1951லும் ‘நாளைய கோழி’ என்று கறிக்கோழிக்குத் தேசியப் போட்டி வைத்தபோது வென்றது கார்னிஷ் கலந்த கோழி. இன்று நாமக்கல்லிலும் குருநாகலிலும் ஆறே வாரத்தில் தராசுக்கு வரும் பிராய்லரின் தகப்பன் வழி அங்கிருந்துதான் வருகிறது. அதாவது நம் கொல்லையில் இருந்த சேவலிலிருந்து நெஞ்சை மட்டும் பிரித்தெடுத்து வளர்த்து, நமக்கே விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் பெருவிடைச் சேவலை வாங்கி, சிறுவிடை எனப்படும் சிறிய நாட்டுக்கோழிப் பெட்டைகளோடு விட்டால் போதாதா? தமிழ்நாட்டில் பலரும் செய்வது இதைத்தான். முதல் தலைமுறை அழகாக வருகிறது, வியாபாரிகள் ‘அசில் கிராஸ்’ என்று கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள். இதன் மறுபக்கம் மெல்லத்தான் தெரியும். அசில் பெட்டை ஆண்டுக்கு முப்பது நாற்பது முட்டைதான் இடும். அந்த இரத்தம் ஏற ஏறக் குஞ்சு எண்ணிக்கை குறையும். சேவல்கள் பருவம் வந்ததும் ஒன்றையொன்று கொத்திக் கிழிக்கும், தனித்தனியே கட்டிவைக்க வேண்டிவரும். நான்கு கிலோச் சேவல் ஒன்றேகால் கிலோப் பெட்டையின் மேல் ஏறினால் பெட்டையின் முதுகு பிய்ந்துவிடும், சரியாக அணையவும் முடியாது, கூமுட்டை பெருகும். இரண்டரை, மூன்று கிலோச் சேவலே சிறுவிடைக்குப் போதும். இது போதாதென்று கடந்த சில ஆண்டுகளில் கிளிமூக்கு, விசிறிவால் மோகம் வேறு. அலகு வளைவுக்கும் வால் விரிவுக்கும் ஆயிரக்கணக்கில் விலை போகிறது. அந்தச் சேவலின் நெஞ்சை யாராவது தொட்டுப் பார்க்கிறார்களா என்றால் இல்லை.

கடல் தாண்டினால் கட்டின் இடம் சிறுத்துவிடுகிறது. இலங்கையிலும் போர்ச்சேவல் உண்டு. ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம் வழி பாதுகாத்த ஒரு கூட்டம் யாழ்ப்பாணத்தில் உருவாகவில்லை. ஊர்க்கோழி அங்கே வளவுக்குள் வளர்வது. கரப்பின் கீழ் வைப்பது குஞ்சுகளைத்தான். வளர்ந்தவை பல வீடுகளில் இரவில் முருங்கையிலும் மாவிலும் ஏறி அடையும். இதில் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. கனத்த சாவல் கொப்புக்கு ஏற முடியாமல் தாழ்வில் தங்கும், மரநாய் அதைத்தான் முதலில் தூக்கும். இலகுவாகப் பறப்பது பிழைத்து இனம் பெருக்கும். ஆக, யாழ்ப்பாணத்தானும் மரநாயும் பெரிய சாவலைக் கழிப்பதில் ஒத்துப்போகிறார்கள்.

இதற்கு நேரெதிரான தேர்வும் அங்கே இருந்தது. அது வேள்வி. கீரிமலைப் பக்கம் கருகம்பனை கவுணாவத்தை நரசிங்க வைரவர் கோவில் வேள்விக்குக் கடாக்களையும் சாவல்களையும் ஆண்டு முழுக்கத் தீனி போட்டு வளர்த்துக் கொண்டுவருவார்கள். ஊனமில்லாததாக, கொழுத்ததாக, நான்கு பேர் பார்த்து மெச்சும்படி இருக்கவேண்டும். நேர்ந்துவிட்ட சாவலை விற்கவோ இடையில் அடிக்கவோ கூடாது. முதல் பார்வைக்கு இது சிறந்ததை எல்லாம் பலிகொடுக்கும் ஏற்பாடாகத் தோன்றும். கணக்குப் போட்டால் வேறாக வருகிறது. ஐந்து மாதத்தில் வியாபாரி தூக்கியிருக்கவேண்டிய நல்ல சாவல், நேர்த்தியின் தயவில் ஒரு வருடம் வளவில் நின்று பேடுகளை அணைக்கிறது. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோவில்களில் மிருகபலிக்குத் தடைவிதித்தது. தமிழ்நாட்டில் அதே பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் கடுமையாக அமல்படுத்தப் புறப்பட்டு, எதிர்ப்பு கிளம்பி, 2004இல் அந்தச் சட்டத்தையே நீக்கினார்கள். முனியாண்டிக்கும் கருப்பனுக்கும் நேர்ந்த சேவல் இங்கே இன்னும் ஓராண்டு உயிர் வாழ்கிறது. பலியைப் பற்றி அவரவர் கருத்து அவரவருக்கு. நான் சொல்வது, வியாபாரியின் கைக்கு எட்டாமல் ஒரு நல்ல சேவலை நிறுத்திவைத்த ஒரே ஏற்பாடு பல வீடுகளில் சாமிதான் என்பது.

அரசுகளின் வழி வேறு. சேவலைத் தேர்ந்து பழகச் சொல்வதைவிடக் குஞ்சைக் கையில் கொடுப்பது அவர்களுக்குச் சுலபம். ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககத்தின் வனராஜா, நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி–1 எல்லாம் இப்படி வந்தவை. இலங்கையிலும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் ஒரு மாதக் குஞ்சுகளைக் கொடுக்கிறது. போருக்குப் பின் வன்னியில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி என்றால் அதில் கோழிக்குஞ்சும் இருக்கும். இவை நன்றாகவே வளரும். ஆனால் வனராஜா போன்றவை வெவ்வேறு வழிகளைச் சேர்த்த கலப்பு. அதன் சேவலை அதன் பெட்டையோடு விட்டு மறுதலைமுறை எடுத்தால் ஒன்று தாயைப்போல், ஒன்று பாட்டனைப்போல் என்று கலைந்து வரும். அடைக்கும் உட்காராது. அதன் சேவல் ஒன்றை நிறுத்தி, அடைகாக்கத் தெரிந்த உள்ளூர்ப் பெட்டைகளோடு விடுவது அந்தத் திட்டங்களில் கிடைக்கக்கூடிய உண்மையான லாபம்.

வன்னிக் காட்டோரத்தில் இன்னொரு தகப்பனும் உண்டு. இலங்கைக் காட்டுச்சேவல், அந்த நாட்டின் தேசியப் பறவை, சில சமயம் ஊர்ப்பேடுகளோடு சேர்ந்துவிடும். அழகான குஞ்சுகள் வரலாம், கறி வராது. காட்டுச்சேவலே ஒரு கிலோ அளவுதான். அதைவிடக் கவனிக்கவேண்டியது இரு நாட்டிலும் கிடைக்கும், கழுத்தில் இறகில்லாத கோழி. பார்க்க லட்சணமில்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். அந்தக் குணம் ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே உடம்பின் இறகு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, இருபுறமும் வந்தால் ஐந்தில் இரண்டு. இறகுக்குப் போகவேண்டிய சத்து நெஞ்சுக்குப் போகிறது, அக்கினி நட்சத்திர வெயிலிலும் தீனி எடுப்பது மற்றக் கோழிகளுக்குப் போல அவ்வளவு குறைவதில்லை. கறிக்கென்று சேவல் தேடுகிறவர் முதலில் திரும்பிப் பார்க்கவேண்டியது அதைத்தான்.

தேர்வு செய்கிறவர் வளர்ந்த சேவலைப் பார்த்து மயங்கக் கூடாது. வயது கூடியதும் நல்ல தீனி தின்றதும் பெரிதாகத்தான் இருக்கும். ஒரே ஈட்டில் பொரித்த குஞ்சுகளுக்குக் காலில் ஒரு நிற நூலைக் கட்டிவிட்டு, வளர வளர அதைத் தளர்த்திக்கொண்டு, எட்டாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் பையில் போட்டுத் தொங்குதராசில் நிறுக்கவேண்டும். கூடவே நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்கவேண்டும். எலும்பு துருத்தி இருபுறமும் குழிந்திருந்தால் எடை இருந்தும் பயனில்லை. நெட்டைக்கால் கண்ணை ஏமாற்றும். இரு கால்களுக்கு நடுவே இடைவெளி அகலமாக இருப்பது நல்ல அடையாளம். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடாத வீட்டில் இந்த உழைப்பு முழுதும் ஒரே வாரத்தில் போய்விடும், எடையைப் பார்த்து அந்த நோய் ஆளைத் தேர்வதில்லை. தேறியதில் ஒன்றல்ல, இரண்டை நிறுத்துவது புத்திசாலித்தனம்.

பிறகு வருவது தெருப் பிரச்சினை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் கோழிகள் தெருவில் மேய்கின்றன. உங்கள் வீட்டில் எந்தச் சேவல் நின்றாலும் தெருவை ஆளும் சேவல்தான் உங்கள் குஞ்சுக்கும் தகப்பன். ஆகவே நாலைந்து வீடு பேசிக்கொண்டு சேர்ந்து செய்தால்தான் நடக்கும். யாழ்ப்பாணத்தில் வேலியும் மதிலும் அந்தக் கவலையைக் குறைக்கின்றன. பதிலுக்கு, ஒரே வளவுக்குள் தகப்பன் மகளையே அணைந்து இரண்டு மூன்று தலைமுறையில் குஞ்சுகள் சோர்ந்துபோகின்றன. அங்கே வருடத்துக்கு ஒருமுறை சாவலை அடுத்த ஊர்ச் சொந்தக்காரரோடு மாற்றிக்கொள்ளவேண்டும். மாற்றிய மறுநாளே அடை வைக்கக் கூடாது. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். அந்த மூன்று வார முட்டையை வீட்டில் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு, அதன்பிறகு இடுவதை அடைக்குச் சேர்த்தால்தான் புதுச்சேவலின் குஞ்சு என்று நம்பலாம்.